அம்புறோசின் கஞ்சி

புற்றுநோய் வரக்கூடிய வயிறா என்று பார்க்க, வாய்வழியே கமராக் குழாய் விடுவார்களாம். தலைமன்னார் அம்புறோசுக்கு அதை நினைத்தாலே குலை நடுங்கியது.

“வெறும் வயிறுதானே?” என்றார் டொக்டர்.

“மறந்துபோய்க் கஞ்சி குடிச்சிட்டன், டொக்டர்.” மறக்கவில்லை, தப்புவதற்காகவே குடித்தார்.

மனைவி றஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இந்தாளுக்காக அந்தோனியாருக்கு நேத்தி வைச்சு, நேற்று ராவிலயிருந்து நான் பச்சைத்தண்ணியும் குடிக்கேல்லை!”

டொக்டர் அவளிடம் திரும்பினார். “உங்கட குடும்பத்தில ஆருக்கும் வயித்துப் புற்றுநோய் இருந்ததோ, அம்மா?”

“என்ர அப்பா அதிலதான் போனவர்.”

“அப்ப வெறும் வயிறோட இருக்கிற நீங்கள் வந்து படுங்கோ.”

பார்த்து முடித்ததும் டொக்டர் சொன்னார்: “உங்கட வயித்திலதான் புற்றுநோய்க்கான மாற்றம் துவங்கியிருக்கு. நல்லகாலம், வேளைக்கே கண்டிட்டம். சுகப்படுத்தலாம்.”

அம்புறோஸ் நெஞ்சை நிமிர்த்தினார். “பாத்தியே! நான் கஞ்சி குடிச்சதாலதான் உன்ர வயித்து வருத்தம் பிடிபட்டது.”

“ஓம். வாற கிழமை உங்கட முறை. கஞ்சிப் பானை இருக்கிற குசினியைப் பூட்டி, திறப்பை என்ர இடுப்பில செருகிவைப்பன்.”