பதினோரு நிமிடம்

மூன்றாவது முறையாக வண்டியை நிறுத்தினார்.

இறங்க ஆள் இல்லை. ஏற ஆள் இல்லை. முதலில் அது பஸ்ஸே இல்லை. மருமகனிடம் கெஞ்சி வாங்கிவந்த வெள்ளைக் கார். ஆனாலும் ஸ்டாப்பைக் கண்டதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடுகிறது. முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டிய கால், சொன்னால் கேட்குமா?

நின்றதுகூடப் பரவாயில்லை. நின்ற வண்டியை எடுக்கக் கை வரமாட்டேன் என்கிறது, அதுதான் கொடுமை.

ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் போக வேண்டும்.

அடிக்கத்தான் பின்னால் ஆள் இல்லை.

ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒருவர் குனிந்து பார்த்தார்.

“யாருக்கு அண்ணாச்சி நிக்கிய?”

இவர் கியரைப் போட்டார். காது சுட்டது.

ஐப்பசி. மாதா கோயில் திருவிழா முடிந்து, வந்த கூட்டமெல்லாம் திரும்பியாயிற்று. அந்தக் கடற்கரை ஊருக்கு இப்போது மழை மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. கூடவே அவரும்.

இந்த மாதங்களில் கடைசி ஸ்டாப் வரை ஒரு டிக்கெட்கூட இருக்காது. காலிப் பஸ்ஸில் டிரைவர் அவர், கண்டக்டர் அமலோற்பவம். கடற்கரையில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தினால் பதினோரு நிமிடம் ஓய்வு. அது அவள் சொந்த ஊர். அங்கிருந்தே தெரிகிற நீல வீட்டுக்கு ஓடிப்போய்க் கடுங்காப்பி கொண்டுவருவாள். அவர் ஸ்டீயரிங்குக்குப் பின்னால். அவள் படிக்கட்டில்.

நடுவில் மழைச் சத்தம்.

பேசியது ரொம்பக் கொஞ்சம். அவர் மனைவி போய்ப் பன்னிரண்டு வருடம். அவளுக்குக் கணவன் போனதால்தான் இந்த வேலையே கிடைத்தது. இதைக்கூட இருவரும் சொல்லிக்கொண்டதில்லை. டிப்போவில் சொல்லித்தான் தெரியும்.

ஆறு வருடம் அந்தப் பதினோரு நிமிடத்துக்காகத்தான் மீதி நாளை ஓட்டினார். அதைத் தனக்குத் தானே ஒத்துக்கொள்ள இன்னும் மூன்று வருடம் பிடித்தது.

ஓய்வுபெறும் நாள், கடைசி டிரிப்பில், காப்பி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்.

“இனி இந்தப் பக்கம் வருவியளா, டிரைவர் சார்?”

“இங்க எனக்கு என்ன சோலி கெடக்கு?”

அன்றைக்கு அவர் நாக்கில் சனி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவள் பின்னால் போய் நின்று இரண்டு விசில் அடித்தாள். இவரும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மடையன், மடையன் என்று அதற்கப்புறம் தன்னை எத்தனை முறை திட்டியிருப்பார்! கருப்பட்டி வாங்கி, சுக்குத் தட்டிப் போட்டு, வீட்டில் தானே காப்பி வைத்துக்கூடப் பார்த்தார். அந்த ருசி வருவேனா என்றது.

போன மாதம் அவளும் ஓய்வுபெற்றாள். பையையும் டிக்கெட் மெஷினையும் ஒப்படைத்துவிட்டு, கழுத்தில் விசிலோடு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாளாம். டிப்போவில் சொல்லிச் சிரித்தார்கள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

பனங்காட்டு வளைவில் நீளமாக ஒரு ஹார்ன் அடித்தார். எதிரே ஈ காக்கை இல்லை. அதுவும் பழக்கம்தான்.

கடல் வந்தது. கடைகளையெல்லாம் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். மணலில் ஒரு கால்தடம் இல்லை. பஸ் திரும்பும் இடத்திலேயே காரைத் திருப்பி, பஸ் நிற்கும் இடத்திலேயே நிறுத்தினார்.

பக்கக் கண்ணாடியில் நீல வீடு தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது.

போய்த் தட்ட வேண்டும். வந்தது அதற்குத்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த ஒரு வாக்கியமும் தயாராக இருந்தது. சோலி இருக்கு, அதான் வந்தேன்.

கார்க் கதவின் பிடியில் கை வைத்தார்.

எடுத்தார்.

அறுபத்து மூன்று வயதில் இது என்ன கூத்து? அவள் என்ன நினைப்பாள்? மூன்று வருடம் எட்டிப் பார்க்காதவன் எந்த முகத்தோடு கதவைத் தட்டுவது?

மழை வலுத்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்து நீல வீடு கரைந்துபோனது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு நிமிடம் ஆகிவிட்டது.

சாவியைத் திருகினார். வைப்பரைப் போட்டார். ஃபர்ஸ்ட் கியர். கிளட்ச்சில் கால்.

எடுக்க முடியவில்லை.

பின்னால், மழைக்குள்ளிருந்து, விசில்.

ஒன்று.

கால் அப்படியே நின்றது. இரண்டாவதற்காகக் காத்திருந்தார். வைப்பர் போய் வந்தது. மறுபடியும் போய் வந்தது.

இரண்டாவது வரவில்லை.

இன்ஜினை அணைத்தார்.