ஏழாவது பைக்

அந்தக் குரங்கின் மூளையில், "கொஞ்சம் பொறு" என்று சொல்வதற்கென்றே செரோடோனின் துளிகள் ஒரு கூட்டமாக இருந்தன. வர வர வற்றிப்போய் இப்போது ஒற்றைத் துளிதான் மிச்சம். கூட்டம் பார்த்த வேலையை அது தனியாக இழுத்துக்கொண்டிருந்தது.

மலையடிவாரத்தில் நின்ற பைக்கின் மேல் குரங்கு ஏறியதுதான் தாமதம், எதற்கெடுத்தாலும் பாயச் சொல்லும் அட்ரினலின் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"அண்ணே, ஒருத்தன் நம்மளையே முறைக்கிறான்!"

"அது கண்ணாடிடா. முறைக்கிறது நாமதான்," என்றது செரோடோனின். காலையிலிருந்து இது ஏழாவது பைக்.

"பல்லைக் காட்டுறான்ணே!"

"நாம காட்டுறோம், அவனும் காட்டுறான். மூணு வரைக்கும் எண்ணுடா. உன் கால்ல விழறேன்."

"அடிச்சிட்டு எண்ணலாம்ணே."

செரோடோனின் "ஒண்ணு" என்று வாயைத் திறப்பதற்குள் குரங்கின் கை கண்ணாடியில் இறங்கிவிட்டது. சில்லுகள் தரையெங்கும் சிதறின. உள்ளங்கையிலிருந்து ரத்தம் கொட்டியது.

"இப்பத் திருப்தியா? இனியாவது வாயை மூடிக்கிட்டு உட்காருவியா?" என்று கத்தியது செரோடோனின்.

அட்ரினலின் குரங்கின் கண் வழியே தரையை எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு சில்லிலும் ஒரு குரங்கு முறைத்துக்கொண்டிருந்தது.

"நான் சொன்னப்போ நம்பினீங்களாண்ணே?" என்றது. "இப்பப் பாருங்க, ஊரையே கூட்டிட்டு வந்திருக்கான்."