டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு

பாட்டிலின் அடியில் தண்ணீர் நின்றது.

என் மோட்டார் சைக்கிளின் டேங்கிலிருந்து இறக்கிய பெட்ரோல் அது. மேலே பெட்ரோல், கீழே ஒரு விரற்கடை தண்ணீர். ஷோரூம் மெக்கானிக் அய்யாக்குட்டி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நடிப்பு என்றால் இதுதான் நடிப்பு.

மூன்று மாதத்தில் இது மூன்றாவது தடவை. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் இருமும், நின்றுவிடும்.

"சார், இது இங்கன சேர்ந்த தண்ணி இல்ல. வீட்டுல வண்டிய எங்கன நிறுத்துதீங்க?"

நான் ஹார்பரில் இருபது வருஷமாக மூட்டை எண்ணிக் குறிக்கிற டேலி கிளார்க். மூட்டையைக் கிழித்தவன்தான் முதலில் கேள்வி கேட்பான் என்பது எனக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் கொஞ்சம் முன்னால்தான் வேம்பார் ரோட்டில் வண்டியோடு விழுந்தேன். அடிபட்ட வண்டியை இந்த ஷோரூமில்தான் விட்டேன். கோளாறு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பெட்ரோல் விலை ஏறிக் கிடக்கிற காலம். பெட்ரோலை உறிஞ்சிவிட்டு, அளவு குறையாமல் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பால்காரன் வேலை.

பங்க்கை மாற்றிப் பார்த்தேன். வண்டியை வீட்டுக்குள்ளேயே ஏற்றி வைத்தேன். கடைசியில் டேங்க் மூடிக்குப் பூட்டே போட்டேன். ஒரு சாவி என் அரைஞாணில். இன்னொன்று வீட்டில், மாதா படத்துக்குக் கீழே ஆணியில். பூட்டைத் திறந்து கொடுத்தது இந்த ஷோரூமில் மட்டும்தான்.

இதையெல்லாம் மேனேஜர் ஆவுடையப்பனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதுவேன் என்றும் சொன்னேன்.

அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அய்யாக்குட்டி, நீரு நாளையிலேருந்து வரவேண்டாம்வே."

அந்த மனிதர் கெஞ்சவில்லை. டேங்கைக் கழுவித் துடைத்து மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றினார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு டிபன் கேரியரை எடுக்கப் போனார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். கேட்டுக்கு வெளியே, கோயிலுக்குப் போய்விட்டு வந்த என் மனைவி ஹில்டா நின்றிருந்தாள். திரேஸ்புரத்து வள்ளக்காரர் மகள். கொஞ்சம் பயந்த சுபாவம்.

"ஆளைப் பிடிச்சாச்சு. வேலையும் போச்சு. டேங்கையும் அடியோட கழுவ வச்சுட்டேன்" என்றேன்.

அவள் முகம் மாறியது.

"கழுவிட்டாங்களா? எல்லாத்தையுமா?"

கைப்பையைத் துழாவினாள். ஒரு சாவியை எடுத்தாள். ஆணியில் தொங்குவதாக நான் நினைத்திருந்த சாவி. மூடியைத் திறந்தாள். அடுத்து ஒரு சின்ன பாட்டில் வந்தது. பிதா, சுதன் என்று முணுமுணுத்தபடி, கோயில் தீர்த்தத்தை டேங்குக்குள் சரித்தாள்.

"ஏளா, என்ன செய்யுத?"

"நீங்க விழுந்ததுலேருந்து ஞாயித்துக்கிழமை தவறாம ஊத்துதேன். வள்ளத்துக்கு முன்மூக்குல, அணியத்துல ஊத்துவோம். வண்டிக்கு உசிரு இதுக்குள்ளதானே இருக்கு? அதுக்கப்புறம் ஒரு தடவையாவது விழுந்தீங்களா?"

விழவில்லை. ஓடினால்தானே விழ.

எனக்குப் பின்னால் சைக்கிள் செயின் சத்தம் கேட்டது. அய்யாக்குட்டி. ஹேண்டிலில் டிபன் கேரியர். திறந்து கிடந்த டேங்கையும் அவள் கையில் இருந்த பாட்டிலையும் பார்த்துவிட்டு நின்றார்.

ஹில்டாவுக்கு அவர் யாரென்று தெரியாது.

"அண்ணாச்சி, இன்னும் ரெண்டு சொட்டு கிடக்கு. உங்க சைக்கிளுக்கும் தெளிக்கட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். சைக்கிளை மெதுவாக அவள் பக்கம் நகர்த்திக் கொடுத்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஆவுடையப்பனின் அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. போய் உண்மையைச் சொல்ல இருபது அடி தூரம் இருக்கும். என் கால் நகரவில்லை.