வரலாம், வரலாம்

காரின் பின்பக்கம் எதிலோ தொப்பென்று இடித்தது.

பிரேக்கை மிதித்த கால் அப்படியே மரத்துப் போயிற்று டிரைவருக்கு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றியதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மார்தட்டிக்கொள்பவர்.

இப்போது சொந்த வீட்டு முற்றத்தில், உச்சி வெயிலில், கொட்டகையிலிருந்து காரைப் பின்னால் எடுக்கும்போது எதையோ இடித்துவிட்டார்.

பின்னால் நின்றது டீச்சர்.

டீச்சர் என்றால் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவள். கல்யாணமான புதிதில் கேலிக்குக் கூப்பிட ஆரம்பித்தது, அதுவே பெயராக நின்றுவிட்டது. அவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் அவள் வந்து நின்று, "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுப்பாள். இன்றைக்கும் கொடுத்தாள்.

பிறகு அந்தக் குரல் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று அவருக்கு நினைவில்லை.

"டீச்சர்!"

பதில் இல்லை.

"டீச்சர்... எங்கம்மா இருக்க?"

கதவைத் திறக்கக் கை போனது. திறக்கவில்லை. திறந்தால் பார்க்க வேண்டும்.

இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது. இன்றைக்கு மட்டுமா? மழைக்காலத்திலிருந்தே அப்படித்தான். இடது கண்ணில் முதலில் புகை மூட்டம் மாதிரி வந்தது. பிறகு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருட்டு இறங்கியது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள். கடைத்தெருவுக்குப் போவதென்றாலும் மருந்து வாங்குவதென்றாலும் இந்தக் காட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு அந்தக் காரை விட்டால் வேறு கதியில்லை. அதையெல்லாம் விட, வண்டி ஓட்டாத மனுஷனாகத் தன்னை அவருக்கு நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை.

கோடை விடுமுறைக்கு மகளும் இரண்டு பேத்திகளும் சாயங்கால ரயிலில் வருகிறார்கள். ஸ்டேஷன் தொலைவு, இப்போதே கிளம்பினால்தான் சரியாக இருக்கும். ஆட்டோ வைத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். என் பேத்திகளை நான்தான் கூட்டி வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர்.



எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. காரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனார். தகரம் கையைச் சுட்டது. அது உறைக்கவில்லை.

டயருக்குப் பக்கத்தில் நீல டிரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. தண்ணீர் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் டிரம். வயிறு லேசாக ஒடுங்கியிருந்தது.

டிரம் மட்டும்தான்.

குனிந்து காருக்கு அடியிலும் பார்த்தார். செம்மண்ணைத் தவிர ஒன்றுமில்லை.

நிமிர்ந்தபோதுதான் அவளைக் கண்டார். எலுமிச்சை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். முழுசாக. முந்தானையால் வாயைப் பொத்தியபடி.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் எந்த வழியாகத் திரும்பி வந்தது என்று தெரியவில்லை, வந்ததும் கோபமும் கூடவே வந்தது.

"கத்திக் கத்திக் கூப்பிடறேன், வாயில என்ன கொழுக்கட்டையா? நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

அவள் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளுத்த முகம். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குரலே வரலங்க. கடைசி வரைக்கும் பிரேக் போட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."

அவருக்குப் புரியவில்லை.

"நேத்து இதே இடத்துல சாக்க விரிச்சு வெச்சேன். அது மேலயே ஏத்திட்டுப் போனீங்க. சாக்குதானே, பாத்துட்டே ஏத்தியிருப்பீங்கன்னு மனசத் தேத்திக்கிட்டேன்." நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "அதான் இன்னிக்கு டிரம்ம வெச்சேன். தண்ணியெல்லாம் மரத்துக்கு ஊத்திட்டு, காலியாத்தான் வெச்சேன்."

அவர் டிரம்மைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

பொய் சொல்லிவிடலாம். வெயிலில் கண் கூசியது என்று சொல்லலாம். அந்தச் சாக்குப்போக்கு இத்தனை மாதமும் கை கொடுத்தது. ஆனால் அதைத் தேடி எடுக்கக்கூட இப்போது தெம்பில்லை.

"இடது பக்கம் ஒண்ணுமே தெரியல டீச்சர்."

சொன்ன பிறகுதான் மூச்சு இழுத்து விட்டார். மேட்டில் திணறி ஏறிய வண்டி சமதளத்துக்கு வந்த மாதிரி இருந்தது.

"தெரியும்" என்றாள். திட்டவில்லை. "டாக்டர்கிட்ட நாளைக்கே போலாம். பொண்ணுகிட்டயும் சொல்லியாச்சு. ஆபரேஷன் பண்ணா சரியாப் போகுமா, என்னன்னு பாப்பம்."

"பரீட்சை வெக்கிறவ முன்கூட்டியே சொல்ல மாட்டியா?"

"சொல்லியிருந்தா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பீங்க."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அதோடு கண்ணிலும் நீர் முட்டியது. தெரிகிற கண், தெரியாத கண் இரண்டிலும்.

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கேட்டைத் தள்ளிக்கொண்டு பால்காரர் உள்ளே வந்தார். பால் வரும் நேரமில்லை. மாற்றிப் போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக இருந்தார்.

"டீச்சரம்மா வரச் சொன்னாங்க. ஸ்டேஷனுக்கு உங்க காரை எடுக்கணும்னு..." என்று இழுத்தவர், மண்ணில் உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டிரைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பச் சொன்னாங்க?"

"போன வாரமே சொல்லிட்டாங்களே" என்றார் பால்காரர்.