ஒரு தாய் பெத்த பிள்ளை

அவள் மெழுகுவர்த்திக் கட்டோடு வந்தபோது அந்தக் கல்லறையருகே வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அவள் நின்றுவிட்டாள்.

நாங்களும் நின்றோம். கல்லறைத் திருநாள் சாயங்காலம். அவரவர் அப்பன், ஆத்தாளுக்குப் பூப்போட வந்தவர்கள்தான். ஆனாலும் கண் அங்கே போய்விட்டது. செத்தவர்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள்.

அது ஊர் பேர் தெரியாதவனின் கல்லறை. புயலுக்குப் பிறகு கடல் கொண்டுவந்து போட்ட உடல். முகம் தெரிகிற நிலையில் இல்லை. அதே புயலில் போன அவள் மகனும் திரும்பியிருக்கவில்லை. அதனால் அவளைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

ஒரு தரம் பார்த்தாள்.

"இது எனக்க பிள்ளை இல்ல."

அப்புறம் அதைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

பெயரில்லாத அந்தச் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மழையில் மண் சரிந்தால் அணைத்துவிட்டாள். திருநாளன்று சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லறையாக வருவார். வீட்டார் இறந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். அங்கே வந்ததும் அவள் சொல்வாள்.

"பேரு தெரியாது சாமி. ஒரு தாய் பெத்த பிள்ளை."

தன் மகன் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள்.

அவனோடு படகில் போனவர்களின் வீடுகளில், போட்டோவைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தாயிற்று. அவள் ஒரு பூசைகூட வைக்கவில்லை. கேட்கப் போன சாமியாருக்குக் காப்பி கொடுத்து, உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்குச் சாமி என்று அனுப்பிவைத்தாள். அவனுடைய செல்போன் எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் வேறு. கடைக்காரர் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எங்களிடம் சொன்னார்.

பக்கத்து வீட்டுப் பிரகாசிக்கு இது பொறுக்காது. பாடகர் குழுவில் பாடுகிறவள். முணுமுணுத்தாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"சொந்தப் பிள்ளைக்கி ஒரு பூசை வைக்க மனசில்ல. எங்கேயிருந்தோ கரை ஒதுங்கினவனுக்கு மந்திரிப்பு கேக்கா. ஊரு உலகத்துல இல்லாத கூத்து."

நேரிலும் சொல்லிப் பார்த்தாள். அவன் போயிட்டான்னு ஒத்துக்க, அவனுக்கும் நிம்மதி, ஒனக்கும் நிம்மதி என்று.

"அவன் கலியாணத்துக்கு நீதான் பாடணும். தொண்டைய பாத்துக்க" என்று பதில் வந்தது.

உள்ளே கிடப்பது அவள் மகன்தான், தெரிந்தேதான் மறைக்கிறாள் என்பது பிரகாசியின் கட்சி. எங்களில் பாதிப்பேர் அந்தக் கட்சியில் இருந்தோம்.

இன்று கட்சி கலைந்தது.

உட்கார்ந்திருந்தவள் நாகப்பட்டினம் பக்கத்துக்காரி. எங்கள் கோயில் உபதேசியார் கூட்டிவந்திருந்தார். அந்த உடலிலிருந்து கழற்றிக் காவல் நிலையத்து மூட்டையில் போட்டிருந்த சட்டையின் காலரில், அவர்கள் ஊர்த் தையற்கடையின் பெயர் இருந்ததாம். மூட்டையை அவிழ்க்க மூன்று மழைக்காலம் ஆகியிருக்கிறது. போலீசுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்.

உபதேசியார் மெழுகுவர்த்திக் கட்டோடு நின்றவளைக் காட்டி ஏதோ சொன்னார். வந்தவள் எழுந்து வந்து அவள் காலைத் தொட்டாள்.

அவள் ஓரடி பின்வாங்கினாள். பிறகு குனிந்து தூக்கினாள்.

நாங்கள் எதிர்பார்த்த ஒப்பாரி வரவில்லை. இருவரும் மண்ணில் உட்கார்ந்தார்கள்.

வந்தவள் ஓர் இலையை விரித்துச் சோறு வைத்தாள். வறுத்த மீன் இரண்டு துண்டு. "கல்லறையில சோறு வைக்கப்பிடாது" என்று பிரகாசி பல்லைக் கடித்தாள். காற்றில் இலை தூக்கியது. பிரகாசியே போய் ஒரு கல்லைத் தேடி எடுத்து, இலையின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள்.



அவள் மெழுகுவர்த்திக் கட்டை வந்தவள் மடியில் வைத்தாள். தனக்கென்று ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.

வந்தவள் ஒன்றை ஏற்றினாள். சுடரைப் பார்த்தபடியே பேசினாள்.

"நானும் வந்துருவான்னுதாங்க இருந்தேன். போன வாரம் சட்டையைக் காட்டுற வரைக்கும். ராவானா ஒரு தட்டு சோறு எடுத்து மூடி வச்சுருவேன். அக்கம்பக்கத்துல சிரிக்குங்க."



அவள் வந்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கொண்டுவந்த மெழுகுவர்த்திகள் பாதி கரைகிறவரை பார்த்தாள்.

சாமியார் வந்தார். பெயர் கேட்டார்.

"கலைமாறன்" என்றாள் வந்தவள்.

அந்தப் பெயரைச் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மன்றாடினார். நாங்கள் சேர்ந்து பதில் சொன்னோம். வழக்கம்போல் பிரகாசியின் குரல் எல்லார் குரலுக்கும் மேலே நின்றது.

சாமியார் அடுத்த கல்லறைக்குத் திரும்பினார்.

"சாமி."

அவள் எழுந்து நின்றிருந்தாள். அவள் முன்னால் கல்லறை இல்லை. இரண்டு கல்லறைகளுக்கு நடுவே ஆட்கள் நடக்கிற மணல்தான் இருந்தது.

சாமியார் பெயர் கேட்கவில்லை. அவருக்கும் தைரியம் வரவில்லை போலும்.

"ரெக்சன்" என்று தன் மகன் பெயரைச் சொன்னாள்.

அவர் கை சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அந்த வெறும் மணலில் தீர்த்தம் தெளித்தார். செத்தவர்களுக்குச் சொல்லும் நித்திய இளைப்பாற்றி மன்றாட்டின் முதல் பாதியைச் சொன்னார். மறுபாதி சனங்கள் சொல்ல வேண்டியது.

யாரும் சொல்லவில்லை.

சாமியார் எங்களைப் பார்த்தார். நாங்கள் பிரகாசியைப் பார்த்தோம். எந்த மன்றாட்டையும் முதலில் எடுப்பது பிரகாசிதான்.

பிரகாசி முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள். பிறகு அவளருகில் போய்க் கையைப் பிடித்தாள். அந்தக் குரல் அவ்வளவு தாழும் என்று எங்களுக்குத் தெரியாது.

"எக்கா. இன்னும் ஒரு வருசம் பாப்பமே."