ஒன்பதாவது சொரெந்தினோ

“தட்டு ரெண்டு பேருக்கு வரும் தலைவரே. நீங்க நாலு பேர் இருக்கீங்களே,” என்றான் சர்வர்.

மோரா அதற்குள் முள்கரண்டியைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள்.

அப்பா மெனுவை மூடினார். “சொரெந்தினோ ஒரு தட்டு. பாதி சிவப்புச் சாறு, பாதி வெள்ளை. அது எனக்கும் பிலாருக்கும். மோரா, நீ இன்னிக்கு அம்மாகூட நூடுல்ஸ் சாப்பிடுறியாம்மா?”

கேள்வி மாதிரித்தான் இருந்தது. ஆனால் பதில் வருவதற்குள் சர்வர் எழுதிக்கொண்டு போய்விட்டான்.

எந்த ஊருக்குப் போனாலும் அப்பா முதலில் தேடுவது இத்தாலியச் சாப்பாட்டுக் கடையைத்தான். அவருடைய கொள்ளுத்தாத்தா இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தவர். கடலை ஒட்டிய மார் டெல் பிளாட்டாவுக்கு வந்தும் மீன் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். வெயிலில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றாவது மாவும் சீஸும்தான் தின்பார்.

அம்மாவுக்குச் சீஸ் ஆகாது. தனியாகத் தக்காளிச் சாறு ஊற்றிய நூடுல்ஸ். அப்பாவுக்கும் மோராவுக்கும் ஒரே தட்டு.

எல்லாப் பயணத்திலும் அப்படித்தான், பிலார் வரும்வரை.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பதினேழு வயது. மோராவைவிட மூன்று வயது பெரியவள். அப்பாவைத் ‘தமியான்’ என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். காரின் முன்சீட்டு அவளுக்குப் போனது. அம்மாவே பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

நேற்று ரோட்டைப் பார்த்தபடியே அப்பா சொன்னார், லீவு முடிந்த பிறகும் பிலார் நம்மோடு இருந்தாலும் இருப்பாள் என்று.

அந்த ‘இருந்தாலும்’ மோராவைத் தூங்கவிடவில்லை. ஓர் ஆள் உள்ளே வந்தால், ஏற்கெனவே இருக்கிற ஆள் என்ன ஆவாள்? இதை யாரிடம் போய்க் கேட்பது?

தட்டு வந்தது. ஒன்பது சொரெந்தினோ. வட்டமாக, சின்னத் தலையணை மாதிரி, உள்ளே சீஸ் உருகிக்கொண்டு. ஆளுக்கு நாலு. மிச்சம் ஒன்று.

அந்த ஒன்றில்தான் விளையாட்டே இருக்கிறது. அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அப்பா தட்டைச் சுற்றுவார். நிற்கும்போது அது யார் முன்னால் இருக்கிறதோ அவருக்கு. எப்போதும் மோரா முன்னால்தான் நிற்கும். ‘ராசிக்காரிடி நீ’ என்பார்.

மோராவுக்காகவே அப்பா கண்டுபிடித்த விளையாட்டு அது. முன்சீட்டைக் கொடுத்தவர் இதையுமா கொடுத்துவிடுவார்?

பிலார் ரொட்டித் துண்டால் சாற்றை வழித்தாள். ஓரத்திலிருந்து நடுவுக்கு, அப்பா வழிப்பது போலவே. யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு? மோரா நூடுல்ஸைச் சுருட்டுவதுபோல் பக்கத்துத் தட்டில் தீர்வதை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு. எட்டு.

அப்பா ஒன்பதாவதை ஓரத்துக்குத் தள்ளினார்.

தட்டைச் சுற்றினார்.

மெழுகுத்துணி மேல் தட்டு கிறுகிறுவென்று சுற்றி நிற்க, ஒன்பதாவது பிலார் முன்னால் இருந்தது.

“மேசை சாஞ்சிருக்கு,” என்றாள் மோரா. “இது செல்லாது.”

மேசைக்கடியில் அம்மாவின் கை அவள் முழங்காலை அழுத்தியது.

“இவ எப்பவும் இப்படித்தானா?” என்று பிலார் கேட்டாள்.

“தோத்துட்டா மேசை மேல பழி போடுவா,” என்றார் அப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரே நேரத்தில்.

அப்பாவின் போன் அடித்தது. தங்கியிருந்த வீட்டுக்காரம்மா, சாவி விஷயமாக. பேசிக்கொண்டே வெளியே போனார். அம்மா ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிலாரை மட்டும் அவள் பார்ப்பதே இல்லை.

பிலார் ஒன்பதாவதைத் தொடவில்லை.

“இதுக்கு முன்ன நீ தோத்ததே இல்லையா?”

“இல்ல. எனக்கு ராசி.”

“அவரோட கட்டைவிரலை நீ பார்த்ததே இல்லையா?”

“கட்டைவிரலா?” என்றாள் மோரா.

“தட்டுக்கு அடியில குடுத்து நிறுத்துவார். எனக்கு அஞ்சு வயசுலயே தெரிஞ்சுபோச்சு. தெரியாத மாதிரியே இருந்தேன், ஒன்பது வயசு வரைக்கும்.”

ஒன்பதுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று மோரா கேட்கவில்லை.

பிலார் தட்டைச் சுற்றினாள். மோரா முதல்முறையாகச் சொரெந்தினோவை விட்டுவிட்டு விரலைப் பார்த்தாள். பிலாரின் கட்டைவிரல் அடியில் நுழைந்தது. ஒன்பதாவது, மோரா முன்னால் நின்றது.

“எடுத்துக்கோ.”

அவள் மனசு மாறுவதற்குள் என்று மோரா அதை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்பா திரும்பி வந்து காலித் தட்டைப் பார்த்தார். “நல்லா இருந்துச்சா பிலார்?”

“நான் சாப்பிடலை. மறுபடி சுத்தினோம்,” என்றாள் பிலார், தண்ணீர் டம்ளரைப் பார்த்தபடி. “இவளுக்குத்தான் வந்துச்சு, அப்பா.”

அவர் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றார். உட்காரவில்லை.

மோராவுக்கு உடனே தானும் ‘அப்பா’ என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. பிலாரைவிடச் சத்தமாக. வாய் நிறையச் சீஸ். நாக்கு சுட்டது.

பிலார் அந்த வார்த்தையோடு பிறந்தவள். மோரா அதை ஆறு வயதில் கற்றுக்கொண்டாள், அவர் ஒரு பெட்டியோடு அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று, அம்மா காதில் சொல்லிக்கொடுத்து.