கடைசியாகக் கேட்டது

"ஃபுல் வாங்கியாந்தாச்சா?" என்று கேட்டான் ராமதாஸ்.

தம்பி ஜெகதீசன் செத்துப் பதினாறாம் நாள் காரியம். கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் ரயில் போனால் பாத்திரம் ஆடுகிற வீடு. போட்டோவுக்கு மாலை போட்டு, வாழையிலையில் கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, பீடிக்கட்டு எல்லாம் வைத்தாகிவிட்டது. செத்தவருக்குப் பிடித்ததை வைத்துப் படைப்பது வழக்கம். பாட்டில்தான் பாக்கி.

"அத்த வெக்காதீங்க மாமா," என்றாள் ஜெகதீசனின் மனைவி அம்மு. ஏழு மாத வயிறு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமே பேசற? சாவும்போது அத்தத்தானே கேட்டான்? வெக்காம வுட்டா அவன் ஆத்மா அடங்குமா?"

அடுப்படியிலிருந்து ராமதாஸின் மனைவி பச்சையம்மா எட்டிப் பார்த்தாள். "பொண்டாட்டிய கேக்கல, வயித்துப் புள்ளைய கேக்கல. ஃபுல்ல கேட்டுக்கினு போயிருக்கான் மனுசன். தெருவே சிரிக்குது."

தெரு சிரிக்கத்தான் செய்தது. கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கும் ஜெகதீசன், ரிவர்ஸில் வந்த லாரிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியவன் ராமதாஸ்தான். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் தம்பியின் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, குனிந்து காதை வைத்துக் கேட்டான். நாலு தடவையும் ஒரே வார்த்தை.

"ஃபுல்லு, ஃபுல்லுன்றான்யா," என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தான். பிணம் வீட்டுக்கு வருவதற்குள் அந்தக் கதை வந்துவிட்டது. பாவம், அம்மு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் முகத்தை மூடியிருந்தார்கள்.

தெரு சிரித்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். தாங்காதது வேறு. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த அன்றைக்கு, அந்த வயிற்றில் கை வைத்து, இனிமேல் குடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான். தினமும் வாயை மோந்து பார்த்து, கடைசியில் நம்பியும்விட்டாள். அத்தனையும் நடிப்பா? பதினாறு நாளாக இதே கேள்விதான். அழுகைகூட நின்றுபோய்விட்டது.

பாட்டில் வந்தது. ராமதாஸே மூடியைத் திருகி, ஒரு டம்ளர் ஊற்றி போட்டோ முன்னால் வைத்தான். மிச்சத்தைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான்.

"வெச்சிட்டீங்கல்ல? நானும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க மாமா," என்றாள் அம்மு. "எங்கொயந்தைக்கு அந்தாளு பேரு இனிஷியலா கூட வேணாம். எம்பேரே போதும்."

"செத்தவன் முன்னால பேசற பேச்சாடி இது?" என்றாள் பச்சையம்மா.

"சத்தியமும் பொய்யி. சாவும்போதும் எங்க நெனப்பு இல்ல. எனக்கு மட்டும் இன்னாத்துக்குக்கா?"

அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மஜீது உள்ளே வந்தான். யார்டுக்கு லோடு எடுக்க வரும் லாரி டிரைவர். ஜெகதீசனின் தோஸ்து. சாவன்று ஒடிசாவில் இருந்தவன், இன்றைக்குத்தான் ஊர் திரும்பியிருந்தான்.

"அண்ணி, இத்த ஒங்ககிட்ட குடுக்கணும். அண்ணன் எய்தித் தரச் சொன்னாரு. லோடு அவசரத்துல குடுக்காமப் பூட்டேன்."

நாலாக மடித்த காகிதம். அம்மு பிரித்தாள். கொட்டை எழுத்தில் ஒரே வார்த்தை. தூர்வா.

"இன்னா தம்பி இது?"

"பேரு, அண்ணி. கொயந்தைக்கு. டீக்கடையாண்ட குந்திக்கினு எம்போன்ல தேடச் சொல்வாரு. காடு, ஆறு, பூவுன்னு அர்த்தம் வர்ற பேரா வோணுமாம். தளிர், முல்லை, வான்மழைன்னு நூறு பேரு படிச்சிக் காட்னேன். இதுலதான் நின்னாரு. பொண்ணுதான்னு அவரே முடிவு பண்ணிக்கினாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"வாயில நொயலியே அண்ணி. தூர்வான்னு சொல்லுன்னா, கால்வாய வார்ற மாதிரி தூர்வாருன்னுவாரு. தப்பா சொன்னா நீங்க சிரிப்பீங்களாம். எய்திக் குடுடா, அவளே படிச்சிக்கட்டும்னாரு."

அம்மு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராமதாஸ்தான் கேட்டான். "பேரு நல்லாத்தான் கீது. அர்த்தம் இன்னா?"

"தண்டவாளத்துக்கு நடுவுல, டீசலும் கரியும் கொட்ற எடத்துல கூட மொளைக்குதே, அதாண்ணே. எத்தினி பேரு மிதிச்சாலும் எய்ந்துக்குது, எம்பொண்ணும் அப்டி இருக்கட்டும்னாரு."

"எது தம்பி?" அம்மு நிமிர்ந்தாள்.

"புல்லு, அண்ணி. அருகம்புல்லு. பேருதான் வாயில வரலியே, வயித்துல கீற கொயந்தைய எப்பவும் புல்லு, புல்லுன்னுதான் கூப்டுக்கினு இருந்தாரு."